தோட்டத்துச் செவியும் தொழில்முறைக் குரலும்



முகம் காட்டாமல், குரல் ஒன்றையே கருவியாகக் கொண்டு ஒரு பாத்திரத்தையோ செய்தியையோ கேட்பவர் மனத்தில் உருவாக்குவது குரல் நடிப்பு எனப்படும். திரையில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பேசும் டப்பிங், வானொலி நாடகம், விளம்பரக் குரல், ஆவணப்படத்தின் பின்னணி உரை, அசைவூட்டப் படங்களின் பாத்திரக் குரல், ஒலிநூல் வாசிப்பு, மருத்துவமனைக்கோ வங்கிக்கோ அழைத்தால் எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று வழிகாட்டும் பதிவுக் குரல் ஆகிய யாவும் இத்தொழிலின் கிளைகளே. இனிய குரல் வாய்த்தவர்களுக்கு மட்டுமே இத்தொழில் கைகூடும் என்னும் எண்ணம் ஊரெங்கும் பரவியிருப்பதால், தகுதியுள்ள இளைஞர் பலர் தங்கள் குரல் கரகரப்பானது, மெல்லியது, மூக்கில் ஒலிப்பது என்று தாங்களே தீர்ப்பெழுதிக்கொண்டு ஒதுங்கிவிடுகின்றனர். உண்மையில் இத்தொழிலில் நிலைத்தவர்களை நிலைக்கவைத்தது இனிமை அன்று. பிறர் பேச்சைக் கூர்ந்து கேட்டுப் பழகிய செவியும், எழுதப்பட்ட வரியின் உள்நோக்கத்தைப் பிடிக்கும் வாசிப்பும், கையெழுத்திடுமுன் தாளை முழுக்கப் படிக்கும் பொறுமையுமே அவர்களுக்குக் கைகொடுத்தன.

உம்பாய், செர்க்காம், மெர்லிமாவ், ஜாசின், புக்கிட் அசஹான் என்று நீளும் மலேசியாவின் மலாக்கா வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் செவி பெரும்பாலும் கேளாமலேயே கிடைத்திருக்கிறது. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடும் முயற்சியை 1896-இல் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, அடுத்துப் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டமாக விரித்தார். அவரைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகப் பெருக, தமிழகத்தின் வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்க நேர்ந்தது. விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் மேற்பார்வையாளரான மண்டோரின் குரல், ரப்பர்ப் பால் எடையில் குறைகண்டு கேட்கும் கணக்கரான கிராணியின் குரல், மாரியம்மன் திருவிழாவில் காணாமற்போன பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும் இளைஞனின் குரல், இழவு வீட்டில் ஒப்பாரி சொல்லும் மூதாட்டியின் குரல், கடைத்தெருவில் ஹொக்கியன் கலந்து பேரம் பேசும் குரல், கம்பத்து மலாய்க்காரருடன் வேலியோரம் நடக்கும் மலாய்ப் பேச்சு என இத்தனையும் ஒரு குழந்தையின் காதில் ஒரே நாளில் விழுந்த இடம் தோட்டம். செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபின் பலர் தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர் என்றாலும், தாத்தா பாட்டி பேசக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. மலாக்கா நகரில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் மலாக்காச் செட்டி மக்கள், வீட்டுமொழியாக மலாயைக் கொண்ட பின்னும் அந்த மலாய்க்குள் தமிழ்ச் சொற்களை வைத்திருப்பதைக் கேட்டவர்கள், ஒரு மக்களின் வரலாறு அவர்கள் பேச்சின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு நாள் தங்கும் என்பதை அறிவார்கள். இவ்வாறு கேட்டதெல்லாம் ஒரு குரல் நடிகரின் முதலீடு. சென்னையிலோ கோலாலம்பூரிலோ கட்டணம் கட்டிச் சேரும் பயிற்சி வகுப்பு எதுவும் இதைத் தருவதில்லை.

மலேசியத் தமிழர் குரலைத் தொழிலாக்கியது வானொலி. மலாயா வானொலி 1946-இல் அரசுத் துறையாக அமைந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அரசு தன் செய்தியை மக்களிடம் சேர்ப்பதற்காகத் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. அரசின் நோக்கம் எதுவாயினும், தமிழ்ச் செய்தியும் பாட்டும் நாடகமும் தோட்டத்து மக்களின் மாலைப் பொழுதுக்குள் வந்து சேர வானொலி வழிசெய்தது. இன்று மின்னல் எஃப்எம் என்னும் பெயரில் இயங்கும் அரசுத் தமிழ் வானொலியின் நாடகங்கள் பல தலைமுறைக் கலைஞர்களை வளர்த்தன. பாட்டு, மேடை, வானொலி ஆகிய மூன்றிலும் பெயர் பெற்ற ரெ. சண்முகம் அவர்களுள் ஒருவர். ரெ. கார்த்திகேசுவின் வாழ்க்கையும் இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது: கெடாவில் 1940-இல் பிறந்த அவர் ஒலிபரப்பாளராகப் பணியாற்றிப் பின்னர் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மக்கள் தகவல் துறைப் பேராசிரியராகவும், நாவலாசிரியராகவும் விளங்கினார். ஒலிபரப்பாளராகத் தொடங்கிய ஒருவர் ஆய்வாளராகவும் எழுத்தாளராகவும் விரிந்ததில் வியப்பில்லை, ஏனெனில் ஒலிவாங்கிக்கு முன் ஒரு வரியை நம்பும்படி சொல்லக் கற்றவர், அந்த வரி எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதையும் காலப்போக்கில் கற்றுவிடுகிறார்.

இங்கே ஒரு தடை உள்ளது. அது வெளியில் இல்லை, இளைஞர் மனத்துக்குள் இருக்கிறது. தொலைக்காட்சியிலும் திரைப்படத்திலும் கேட்கும் சென்னைப் பேச்சே ‘சரியான’ திரைத்தமிழ் என்றும், தோட்டத்துப் பேச்சு ஒலிவாங்கிக்கு முன் மறைக்க வேண்டிய குறை என்றும் எண்ணும் வழக்கம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. இலங்கை வானொலியின் வரலாறு இதற்குத் தக்க மறுமொழி. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரலுக்காகத் தமிழகத்து வீடுகள் இலங்கையின் வர்த்தக ஒலிபரப்பைத் தேடிப் பிடித்துக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அவர்களில் எவரும் சென்னைக்காரரைப் போலப் பேச முயன்று அந்த இடத்தை அடையவில்லை. தெளிவான உச்சரிப்பைப் பொதுவாக வைத்துக்கொண்டு, தங்களுக்கே உரிய வேகத்தையும் இழுவையையும் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள். சானா என்று அறியப்பட்ட எஸ். சண்முகநாதனின் ‘இலண்டன் கந்தையா’ வானொலி நாடகம் யாழ்ப்பாணப் பேச்சின் சுவையாலேயே நினைவில் நின்றது. மலேசியாவிலும் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-இல் வெளிவந்து, தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தின் பேச்சை உள்ளது உள்ளபடியே ஒலிக்கவிட்டு, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. அந்தப் பேச்சைச் சென்னையிலிருந்து வரவழைத்த குரலால் பேசியிருக்க முடியாது.

இதனால் பொதுத்தமிழ் வேண்டாம் என்று பொருளாகாது. செய்தி வாசிக்கவும் ஆவணப்படம் பேசவும் ஐயத்துக்கு இடமற்ற பொது உச்சரிப்பு தேவை. வாழைப்பழத்தை ‘வாளைப்பளம்’ என்று சொல்பவருக்கு அந்தக் கதவு திறக்காது. அதே வேளையில் எழுபது வயதுப் பால்வெட்டுத் தொழிலாளியின் பாத்திரத்துக்கு ழகரத்தைச் சுத்தமாக ஒலித்தால் அந்தக் கிழவர் அங்கேயே இறந்துபோகிறார். ஆகவே தொழில்முறைக் குரல் என்பது ஒரே உச்சரிப்பை உடும்புப்பிடியாகப் பிடித்திருப்பது அன்று. இருவகையும் கைவசம் வைத்திருந்து, எங்கே எது வேண்டும் என்று தெரிந்து மாற்றிக்கொள்வது. தோட்டத்துப் பேச்சு, பள்ளிக்கூடத் தமிழ், சென்னைப் பேச்சு, தமிழர் பேசும் மலாய், மலாய்க்காரர் பேசும் மலாய், ஆங்கிலம் ஆகியவற்றுக்கிடையே ஒரே மணி நேரத்தில் நகரக்கூடிய இளைஞர் மலாக்காவில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனர், அதை ஒரு திறன் என்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை.

பயிற்சியைப் பொறுத்தவரை, தமிழில் மிகப் பழைய வழிகாட்டி தொல்காப்பியமே. எழுத்ததிகாரத்தின் பிறப்பியல், மூச்சுக்காற்று உந்தியிலிருந்து, அதாவது கொப்பூழ்ப் பகுதியிலிருந்து எழுந்து, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டிடங்களின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாக ஒலிப்பதை விளக்குகிறது. இன்றைய குரல் ஆசிரியர்கள் வயிற்றிலிருந்து மூச்செடுக்கச் சொல்வதும், ஒலியை நெஞ்சிலும் தலையிலும் அதிரவிடச் சொல்வதும் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகின்றன. நாள்தோறும் இருபது நிமிடம் ஒரு நாளிதழ்ப் பத்தியை உரக்கப் படித்துக் கைப்பேசியில் பதிந்து, பதிந்ததைக் காதில் அணியும் ஒலிப்பானில் கேட்டு, எந்தச் சொல்லில் மூச்சு தீர்ந்தது, எங்கே லகரமும் ளகரமும் ஒன்றாயின, எந்த வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்பட்டது என்று குறித்துவைப்பது போதிய தொடக்கம். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவதால், கடைசிச் சொல்லை விழுங்குபவர் செய்தியையே விழுங்கிவிடுகிறார். புதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் குறை இதுவே. தன் குரலைப் பதிவில் கேட்கும்போது முதலில் ஏற்படும் கூச்சம் எல்லோருக்கும் உரியது: பேசும்போது மண்டையோட்டின் வழியே உள்ளிருந்து கேட்கும் கனம் பதிவில் இல்லாததால் குரல் மெலிந்து ஒலிக்கிறது, சில வாரத்தில் காது அதற்குப் பழகிவிடும்.

உச்சரிப்பை விடக் கடினமானது வரியைப் படிப்பது. மலேசியத் தமிழர் வீட்டில் அன்றாடம் புழங்கும் ‘பசியாறியாச்சா?’ என்னும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். இரவு வேலை முடித்து ஆயர் குரோ தொழிற்சாலையிலிருந்து விடியலில் திரும்பும் மகனிடம் தாய் கேட்கும்போது, அவள் கண் அவன் முகத்தில் இருக்கிறது, கேள்வி மெதுவாக இறங்கி முடிகிறது. பதில் வருமுன்பே தட்டு எடுக்கப்பட்டுவிடும் என்பது குரலில் தெரிய வேண்டும். கொடுத்த கடனைக் கேட்க வந்தவர் வாசலில் நின்று அதே சொல்லைச் சொல்லும்போது, அது முகமன் மட்டுமே. அவர் பேச வந்த விடயம் அடுத்த வரியில் இருப்பதால் கேள்வி விரைந்து கழிந்துவிட வேண்டும். நீண்ட நாள் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி ஒரு சாவு வீட்டில் எதிர்ப்பட்டு, ஒருவர் மற்றவரிடம் இதைக் கேட்டால், சொல்லுக்கு முன் ஒரு மூச்சுத் தயக்கம் விழ வேண்டும், ஏனெனில் அங்கே கேட்கப்படுவது பசி அன்று. எழுத்தில் மூன்றும் ஒன்றே. யார், யாரிடம், எவ்வளவு தொலைவில் நின்று, என்ன வேண்டிச் சொல்கிறார் என்று பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளாமல் ஒலிவாங்கிக்கு முன் நிற்பவர், எவ்வளவு நல்ல குரல் உடையவரானாலும் சொற்களை மட்டுமே உச்சரிக்கிறார். தொல்காப்பியர் வகுத்த நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டு மெய்ப்பாடுகளை ஒரே வரியில் எட்டு முறை சொல்லிப் பழகுவது நல்ல பயிற்சிதான்; ஆனால் அது இசைக்கருவி வாசிப்பவர் விரலுக்குத் தரும் பயிற்சியை ஒத்தது, பாட்டு வேறு.

டப்பிங்கில் இந்த வாசிப்போடு இன்னொருவரின் வாயும் சேர்ந்துகொள்கிறது. ஏவி. மெய்யப்பன் தயாரித்த கன்னட ‘ஹரிச்சந்திரா’ 1944-இல் தமிழ் பேசி வெளிவந்ததிலிருந்து தமிழில் டப்பிங்கின் வரலாறு தொடங்குகிறது எனலாம். படம் சிறு சிறு துண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஓட்டப்படும். ஒவ்வொரு துண்டையும் கலைஞர்கள் லூப் என்பர். திரையிலிருப்பவரின் மூச்சு, தயக்கம், இதழ் மூடும் தருணம் ஆகியவற்றுக்குள் தமிழ் வரி பொருந்தியாக வேண்டும். பகரத்திலும் மகரத்திலும் இதழ்கள் மூடுவதால், மூல மொழியில் வாய் மூடும் இடத்தில் தமிழிலும் அந்த எழுத்துகளுள் ஒன்று விழுந்தால்தான் பார்ப்பவர் கண் உறுத்தாது. மலாயில் ஒரு பாத்திரம் ‘மாக் மானா?’ என்று தன் அக்காளிடம் கேட்பதாகக் கொண்டால், ‘அம்மா எங்கே?’ என்பது நேரான தமிழ், ஆனால் இரண்டாவது முறை இதழ் மூடும் இடத்தில் அது திறந்த வாயோடு நிற்கிறது; ‘அம்மா எங்கம்மா?’ என்றால் இரண்டு மூடலும் கிடைக்கின்றன, அசை கூடுவதால் சற்று விரைந்து பேச வேண்டும், ஆனால் அக்காளை எந்தத் தம்பி ‘அம்மா’ என்று விளிப்பான் என்னும் கேள்வி எழுகிறது. கேட்கப்படுபவள் அக்காளாக இல்லாமல் ஒரு சிறுமியாக இருந்தால் அந்த வரி நிற்கும். இல்லையேல் வேறு வரி தேட வேண்டும். டப்பிங் கலைஞரின் ஒரு நாளில் இத்தகைய நூறு சிறு முடிவுகள் அடங்கியிருக்கின்றன.

இந்த உழைப்பைச் செய்தவர்களின் பெயர் நெடுங்காலம் திரையில் வரவில்லை. நடிகர் விக்ரம் 1999-இல் ‘சேது’ வெளிவரும்வரை ஏறத்தாழப் பத்தாண்டு பெரிய வெற்றிக்காகக் காத்திருந்தார். அந்த இடைக்காலத்தில் ‘அமராவதி’யில் அஜித்துக்கும் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் ‘காதல் தேசம்’ படத்தில் அப்பாசுக்கும் குரல் கொடுத்தார். ‘பம்பாய்’ படத்தில் மனீஷா கொய்ராலாவின் கண்ணீருக்கு ஒலி தந்தவர் நடிகை ரோகிணி. சிம்ரனின் துடுக்குக்குச் சவிதாவும், ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வில் திரிஷாவின் தயக்கத்துக்குச் சின்மயியும் உரியவர்கள் என்பதைப் பல ரசிகர்கள் பின்னரே அறிந்தார்கள். தமிழ்நாடு அரசு திரைப்பட விருதுகளில் டப்பிங் கலைஞர்க்கெனத் தனி விருது வழங்கப்படுவது அந்த மறைவுக்கு ஓரளவு ஈடு. பெயர் வெளியே தெரிய வேண்டும் என்னும் ஆசையை முதன்மையாகக் கொண்டவர்க்கு இத்தொழில் நீண்ட மனக்குறையைத் தரும். வேலையின் நுட்பத்தில் மகிழ்ச்சி காண்பவர்க்கே இது ஆண்டுக்கணக்கில் தாங்கும். சென்னையில் படங்களுக்குப் பேச டப்பிங் கலைஞர் சங்க உறுப்பினர் அட்டை வேண்டும் என்பதையும், சுற்றுலா விசாவில் சென்று அங்கே வேலை செய்வது சட்டத்துக்குப் புறம்பு என்பதையும் மலேசிய இளைஞர் முன்கூட்டியே தெரிந்திருத்தல் நலம்.

மலேசியத் தமிழ்ச் சந்தை சிறியது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆர்டிஎம், ஆஸ்ட்ரோ, தனியார் வானொலி, ஒலிப்பதிவுக் கூடங்கள் ஆகியவற்றில் முழுநேர இடங்கள் மிகக் குறைவு. தமிழ் ஒன்றை மட்டும் நம்பி முதல் ஆண்டிலேயே குடும்பம் நடத்த முடியாது. ஆசிரியப் பணி, கணக்கர் பணி, தொழிற்சாலைப் பணி எதுவாயினும் மாத வருமானம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மாலைகளிலும் வார இறுதிகளிலும் குரல் வேலையை வளர்ப்பது கோழைத்தனம் ஆகாது. வாடகைக்கு அஞ்சாதவரே மோசமான ஒப்பந்தத்தை மறுக்க முடியும். அரசுத் துறை அறிவிப்புகள், கூட்டுறவுச் சங்கங்களின் விளக்கப் படங்கள், தமிழ்ப்பள்ளிகளுக்கான பாடக் காணொளிகள், கோயில் விழா அறிவிப்புகள், சிங்கப்பூர் நிறுவனங்களின் தமிழ்ப் பதிவுகள் ஆகியன சிறு சிறு வேலைகளாக வந்துசேர்கின்றன. மலாய் அசைவூட்டத் துறையும் கவனிக்கத்தக்கது: ‘உப்பின் இப்பின்’ 2007 முதலும் ‘போபோய்போய்’ 2011 முதலும் இந்த நாட்டில் குரல் கலைஞர்க்கு நிலையான வேலை உண்டு என்று நிறுவியிருக்கின்றன. அத்தகைய தொடர்களில் ராஜு, முத்து போன்ற தமிழ்ப் பாத்திரங்கள் மலாய் பேசுகின்றன. தமிழர் பேசும் மலாயைக் கேலிக்குரியதாக்காமல், உம்பாய்ச் சந்தையில் கேட்பதைப் போலவே இயல்பாகப் பேசக்கூடிய குரல்களுக்கு அங்கே மெய்யான தேவை உண்டு.

வேலை தேடுபவர் முதலில் கொண்டுசெல்ல வேண்டியது டெமோ எனப்படும் மாதிரிப் பதிவு. விளம்பரம், ஆவணப்படம், பாத்திரம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே, ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். வேலை தருபவர் பெரும்பாலும் முதற்பத்து நொடியிலேயே முடிவு செய்துவிடுவதால், மிகச் சிறந்த பகுதி முன்னால் வர வேண்டும், பின்னணி இசையில் குரலைப் புதைக்கக் கூடாது. வீட்டிலேயே பதிவு செய்ய விலையுயர்ந்த கூடம் தேவையில்லை என்றாலும், தகரக் கூரையின்மேல் மழை விழும் வீட்டில் எந்த ஒலிவாங்கியும் உதவாது. துணிகள் தொங்கும் அலமாரிக்குள் அல்லது மெத்தைகள் சாத்திய சிறு அறையில், வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, பகரம் வெடிக்காமல் தடுக்கும் வலைத்திரை ஒன்றை நடுவில் வைத்து, காற்றாடியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்திப் பதிந்தால் போதிய தூய்மை கிடைக்கும். ஒலிநூல் நிறுவனங்கள் பலவும் அறையின் இரைச்சல் கழித்தல் 60 டெசிபலுக்குக் கீழும், உச்ச ஒலி கழித்தல் 3 டெசிபலுக்கு மிகாமலும் இருக்கக் கேட்கின்றன; காணொளிக்குரிய பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் கொடுப்பது வழக்கம். இந்த எண்களை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், எவரும் பேசாத பத்து நொடியைப் பதிந்து கேட்டுப் பார்ப்பது பயன்தரும். அதில் குளிர்சாதனப் பெட்டியின் முணுமுணுப்போ பக்கத்து வீட்டுச் சேவலோ கேட்டால், வேலை தருபவர்க்கும் அது கேட்கும்.

குரல் உடலின் பகுதி. ஆணின் குரல்நாண்கள் பேசும்போது நொடிக்கு நூற்றுக்கு மேலும் பெண்ணின் குரல்நாண்கள் இருநூறு அளவிலும் அதிர்கின்றன. கத்தியும் கனைத்தும் அவற்றை மோதவிட்டால் முடிச்சுகள் தோன்றும். புகைமூட்டக் காலத்தில் வெளியே முகக்கவசம் அணிவதும், நாள் முழுதும் சிறிது சிறிதாகத் தண்ணீர் பருகுவதும், தொண்டையைக் கனைப்பதற்குப் பதில் விழுங்கிக்கொள்வதும் எளிய பழக்கங்கள். உம்பாய்க் கடலோரக் கடைகளின் சுட்ட மீனும் சம்பலும் மலாக்காவின் பெருமைதான்; ஆயினும் இரவு பதினொரு மணிக்கு அதை வயிறார உண்டு படுத்தவர்க்கு, வயிற்று அமிலம் மேலேறி மறுநாள் காலைப் பதிவில் குரல் கரகரக்க வாய்ப்புண்டு என்பதால், பதிவு நாளின் முந்தைய இரவு அதை ஒத்திவைப்பது நலம். மூன்று நான்கு வாரம் தொடர்ந்து குரல் கம்மியிருந்தால் கைவைத்தியத்தில் காலம் கழிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இளைஞர்கள் மிகுதியாக இழப்பது இங்கேதான். குரல் வேலைக்கு இருவகைக் கட்டணம் உண்டு: கூடத்தில் பேசிய நேரத்துக்கான கூலி ஒன்று, அந்தப் பதிவு எந்த ஊடகத்தில், எந்த நாட்டில், எவ்வளவு காலம் பயன்படும் என்பதைப் பொறுத்த பயன்பாட்டுக் கட்டணம் மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக்கி, ஒரு முறை பணம் கொடுத்து என்றென்றைக்கும் எங்கும் பயன்படுத்தும் உரிமையை வாங்கிக்கொள்ளும் முறைக்கு முழு விலைக்கு எழுதிக்கொடுத்தல் என்று பெயர். அது எப்போதும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு சிறு கடையின் வானொலி விளம்பரத்துக்கு ஒத்துக்கொண்ட தொகையில், நாடு தழுவிய நிறுவனத்துக்கும் அதே வாசகத்தில் கையெழுத்திடுவது தன்னையே விற்பதாகும். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர்க்கும் உரிமை வழங்குகிறது, அதாவது பாடுபவரும் நடிப்பவரும் பேசுபவரும் தங்கள் நிகழ்த்துகைமீது சட்டப்படி உரிமை கோரத்தக்கவர்கள்.

பதிவான குரல் யாருக்கு உரியது என்னும் கேள்வியைச் செயற்கை நுண்ணறிவு அவசரமாக்கியிருக்கிறது. சில நிமிடப் பதிவிலிருந்தே ஒருவரின் குரலை நகலெடுத்து அவர் பேசாததைப் பேசவைக்கும் கருவிகள் இன்று எவர்க்கும் எட்டும் விலையில் உள்ளன. அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் 2023 ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை நடத்திய 118 நாள் வேலைநிறுத்தத்தில், ஒருவரின் குரலையோ உருவத்தையோ நகலெடுக்க அவருடைய ஒப்புதலும் ஊதியமும் வேண்டும் என்பது முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. தமிழில் ஏ. ஆர். ரகுமான் ‘லால் சலாம்’ படத்தின் ஒரு பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை இக்கருவியால் உருவாக்கியபோது, குடும்பத்தாரின் ஒப்புதல் பெற்று உரிய ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். அந்த நாகரிகத்தை எல்லோரிடமும் எதிர்பார்க்க இயலாது. ஆகவே, இந்தப் பதிவைக் குரல் நகலாக்கத்துக்கோ கணினிப் பயிற்சிக்கோ எழுத்துவழி ஒப்புதலின்றிப் பயன்படுத்தக் கூடாது என்னும் ஒரு வரி ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இடம்பெற வேண்டும். அதைச் சேர்க்க மறுப்பவரிடம் ஏன் மறுக்கிறார் என்று கேட்பது முரட்டுத்தனம் ஆகாது.

கணக்கு வழக்கும் தொழிலின் பகுதியே. சொந்தப் பெயரில் தொழில் செய்ய மலேசிய நிறுவன ஆணையத்தில் ஆண்டுக்கு 30 வெள்ளியும், வேறு வணிகப் பெயரில் செய்ய 60 வெள்ளியும் செலுத்திப் பதிந்துகொள்ளலாம். தொழில் வருமானம் உடையவர் பாரம் பி என்னும் வரிப் படிவத்தை ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். ரசீதுகளை ஏழாண்டு வைத்திருக்க வேண்டும். மாதச் சம்பளம் இல்லாதவர்க்குச் சேமநிதி தானாகச் சேராது என்பதால், வரும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கைத் தாமே சேமநிதிக்குச் செலுத்துவதும், 2017-ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் சேர்வதும் இளமையிலேயே தொடங்க வேண்டியவை.

வாய்ப்புத் தேர்வுக்காக அனுப்பும் குரல் பதிவுகளில் பத்துக்கு ஒன்று கிடைத்தாலே நல்ல நிலை என்று இத்துறையினர் கருதுவர். பதிவை அனுப்பியபின் அதை மறந்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும் பழக்கம் மனத்தைக் காக்கும். வாய்ப்பு கிடைக்காததற்குக் குரலின் தரம் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாத்திரத்தின் வயதோ, உடன் பேசுபவரின் குரலோடு உள்ள ஒற்றுமையோ கூடக் காரணமாகலாம்.

எவருடைய அழைப்புக்கும் காத்திராமல் செய்யத்தக்க வேலை ஒன்றும் இந்த மண்ணில் கிடக்கிறது. மலேசியத் தமிழ் நாவல்களுள் மிகச் சிலவே ஒலிநூலாகக் கேட்கக் கிடைக்கின்றன. சயாம் மரண ரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளரின் துயரத்தைச் சொல்லும் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அதே வரலாற்றைக் கையாளும் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, ரெ. கார்த்திகேசுவின் ‘வானத்து வேலிகள்’ போன்றவற்றைத் தோட்டத்துச் செவி உடையவர் வாசித்தால், கங்காணி பேசும் இடமும் கிராணி பேசும் இடமும் வெவ்வேறு மூச்சில் ஒலிக்கும். கண்பார்வை மங்கிய முதியவர்களும், தமிழ் புரிந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் இளையவர்களும் அவற்றைக் கேட்க முடியும். மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்தபின் ஐம்பதாண்டு வரை பதிப்புரிமை நீடிப்பதால், ஆசிரியரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ எழுத்தில் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். முகவரி தெரியாதவர் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கத்தை அணுகலாம். அனுமதிக் கடிதத்தில் எத்தனை ஆண்டு, எந்தத் தளம், வரும் வருமானத்தில் ஆசிரியர் குடும்பத்துக்கு எவ்வளவு என்ற மூன்றும் இடம்பெற வேண்டும். முதல் அத்தியாயத்தை மட்டும் பதிந்து அந்தக் குடும்பத்தாரிடம் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களைக் குறித்துக்கொண்டு, இரண்டாவதைப் பதியலாம்.